பலகைக்கு அடியில்

சித்தேரிமங்கலம்
(நீடாமங்கலம் வழி)
4-12-77

அன்புத் தம்பி இராஜாங்கத்துக்கு,

அக்கா அம்சம் எழுதுகிறேன். நீயும் தங்கமணியும் குழந்தையும் சுகம்தானே? இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். புயலுக்குப் பிறகு எழுதுகிற முதல் கடிதம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நம் தெருவில் கூரை தப்பிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாய்க்கால் கரை உடைந்து சம்பாப் பயிர் மொத்தமும் முழுகி அழுகிவிட்டது. சீர்காழிப் பக்கம் சேதம் குறைவுதான் என்று நானாகவே ஒன்றைச் சொல்லி அப்பாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

எழுத வந்த காரியம் விடுதியைப் பற்றி. மிராசுதார் நடராசனின் நெல் கிடங்கு உனக்கு நினைவிருக்கும். அப்பா மூட்டை சுமந்த இடம். கூலிச் சண்டை கோர்ட்டு வரைக்கும் போய் ராஜியானபோது அது சங்கத்துக்கு வந்தது. சங்கத்தார் அதைப் பெண்பிள்ளைகள் விடுதியாக்கினார்கள். நான் பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன், மாலையில் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

புயல் தண்ணீர் உள்ளே புகுந்து தேங்கி நின்றது. வடிந்த பிறகு சுவரெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். பிள்ளைகள் இருமத் தொடங்கியதும் பயந்துபோய் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளி அங்கேதான் படுக்கிறார்கள். சங்கத்து ஆட்கள் காரையைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து கழுவிவிட்டார்கள். பார்வைக்கு இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆனால், விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, பிள்ளைகள் படுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் திறக்கலாம் என்று ஒன்றியத்தில் சொல்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

“வெளியில எதுக்குத் தேடணும்? நம்ம மருதையன் மவன் எஞ்சினியருக்குப் படிச்சுட்டுத்தானே இருக்கான்” என்று தெருவில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. தீபாவளிக்கும் நீ வரவில்லை. குழந்தையை நாங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இந்தச் சாக்கில் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் அன்பு அக்கா,
அம்சம்


சீர்காழி
11-12-77

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இங்கும் வேலை மேல் வேலை. எங்கள் எஞ்சினியர் பஞ்சநதம் சார் புயலில் பழுதான கட்டடங்களை எல்லாம் பார்வையிடுகிறார், நானும் கூடவே அலைகிறேன். அதனால் இப்போதைக்கு வர முடியாது. குழந்தைக்கும் சளி.

விடுதிக்கு நான் சொல்வதைச் செய். சுவர் உள்ளே காயும்வரை வெள்ளையடிக்க விடாதே. ஈரத்தின் மேல் வெள்ளையடித்தால் பூஞ்சணம் மறையுமே தவிர சாகாது. கதவு ஜன்னலை ஒரு பகல் முழுக்கச் சாத்திவைத்து, திறந்ததும் மோந்து பார். இன்னொன்று, அது நெல் கிடங்கு. கீழே பலகைத் தளம். தரையின் ஈரம் நெல்லுக்கு ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் பலகைக்கு அடியில் உமி கொட்டியிருப்பார்கள். தண்ணீர் அங்கேதான் போய்த் தங்கும். பலகையைப் பெயர்த்துப் பார்க்காமல் யார் நல்லா இருக்கிறது என்று சொன்னாலும் நம்பாதே.

இனிமேல் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம். நாங்கள் சார் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். தபாலைச் சாரின் அம்மா கமலாம்பாள் வாங்கிவைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். தங்கமணி தைக்கப் போகிற கடை விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்: ரசியா பேகம் தையலகம், கடைத்தெரு. அங்கே போடு. அனுப்புநர் இடத்தில் ஊர்ப் பெயர் போதும், தெருப் பெயர் வேண்டாம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
இராஜாங்கம்


சித்தேரிமங்கலம்
22-12-77

அன்புத் தம்பிக்கு,

தையல் கடைக்கே போட்டிருக்கிறேன். தெருப் பெயர் எழுதவில்லை.

ஒரு சேதி கேள். ஒன்றியத்திலிருந்து ஆள் நியமித்துவிட்டார்கள். சீர்காழி எஞ்சினியர் பஞ்சநதமாம்! பெயரைப் படித்ததும் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். “அப்ப நம்ம புள்ளயும் கூட வருவான்ல?” என்றார். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டார்.

நான்தான் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கமலாம்பாளுக்கு மறதி என்று எழுதியிருந்தாய். மறதிக்காரருக்குத் தெருப் பெயர் என்ன செய்யும் என்று யோசித்தேன்.

உன்னிடம் கோபம் இல்லை. உண்மையாகத்தான் கேட்கிறேன்: நீங்கள் வருகிற அன்றைக்கு நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எழுது.

அக்கா,
அம்சம்


சீர்காழி
27-12-77

அக்கா,

நீ கேட்டுவிட்டாய். கேட்காமலிருந்தால் நானாகவே எழுதியிருப்பேன் என்பதுதான் இன்னும் கேவலம்.

இங்கே வந்த புதிதில் வீடு தேடினேன். ஒவ்வொரு வாசலிலும் முதலில் பெயர் கேட்டார்கள், பிறகு ஊர் கேட்டார்கள், அதற்குப் பிறகு எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெரு சொன்னதும் வீடு காலியில்லாமல் போய்விடும். தங்கமணி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பஞ்சநதம் சார் மட்டும் தெருவைக் கேட்கவில்லை. “அப்பா விவசாயம்தானே?” என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் கமலாம்பாள் அன்று மாலையே, “சொந்த நிலந்தானேப்பா?” என்று கேட்டபோது அதற்கும் ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்துவிட்டது. இப்போது பிரித்தால் வீடும் போகும், வேலையும் போகும்.

அதனால், நீ பள்ளிக்கூடத்து டீச்சர். நான் சாருடைய உதவியாள். அப்பாவை அன்றைக்கு மட்டும் எங்காவது வேலையாக அனுப்பிவிடு. மற்றவர்களிடமும் சொல்லிவை. வேலை முடிந்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

இதை எழுதிவிட்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

இராஜாங்கம்


சித்தேரிமங்கலம்
8-1-78

இராஜாங்கத்துக்கு,

சொன்னபடியே நடந்துகொண்டேன். நீயும் நன்றாகவே நடந்துகொண்டாய்.

“டீச்சர், உங்க பேரு என்னங்க?” என்று கேட்டாய். பிறந்ததிலிருந்து என்னை நீ ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. “அம்சம்ங்க” என்றேன். “சாவி உங்ககிட்டதான் இருக்குங்களா?” என்றாய். எடுத்துக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்க எனக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது ஆச்சரியம்.

உங்கள் சாரைப் பார்த்தால் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. சுவரைப் பொறுமையாகத் தட்டிப் பார்த்தார். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எங்கே குளிக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு தளத்தைக் காலால் அழுத்திவிட்டு, “ஒரு பலகையைப் பேர்த்துப் பார்த்துடலாமேப்பா” என்றார். உன் கடிதத்தில் இருந்ததையே அவரும் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே யாரோ கூப்பிட்டுவிட, நம் தெருவில் நான் சொல்லிவைக்க விட்டுப்போன ஐயாவு மாமா கடப்பாரையோடு உள்ளே வந்தார். வந்தவர் உன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “ஏம்ப்பா, நீ...” என்று தொடங்கினார்.

“மாமா, நீங்க வெளியில இருங்க” என்றேன். கண்ணையும் காட்டினேன். அதே மூச்சில் நீ, “வேண்டாங்க சார். நான் அந்தப் பக்கம் தட்டிப் பார்த்துட்டேன். காஞ்சுதான் கெடக்கு” என்றாய். “நீ பார்த்தா சரிதான்” என்று உங்கள் சார் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஐயாவு மாமா வாசலில் கடப்பாரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மருதையன் மவன்னு நெனச்சுட்டேன் தாயி. கண்ணு மங்கிப் போச்சு போல” என்றார். எனக்காகச் சொன்னார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

அப்பாவை வாய்க்கால் கரை அடைக்கிற வேலைக்கு அனுப்பியிருந்தேன். காரணத்தையும் சொல்லித்தான் அனுப்பினேன். மறைக்க மனம் வரவில்லை. துவைத்துவைத்த சட்டையைப் போடாமலே போனார். உங்கள் கார் அந்த வழியாகத்தான் போனதாம். திரும்பி வந்து கேட்டது ஒன்றே ஒன்று: “புள்ள எளைச்சிருக்கானா?”

நிற்க. எனக்கு உன்னிடம் வேண்டியது ஒரே ஒரு பதில். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்புகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் இனிமேல் இடம் தர முடியாது என்கிறார்கள். நீ தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாயா? இல்லையென்றால் ஒரு வரி எழுது, நாங்களே பெயர்த்துப் பார்த்துக்கொள்கிறோம். யாரிடமும் உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அம்சம்


சித்தேரிமங்கலம்
30-1-78

இராஜாங்கத்துக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சீட்டில் கையெழுத்து இருக்கிறதே என்று பிள்ளைகளைக் குடியேற்றினேன்.

பக்கத்து ஊர் ரெங்கம்மாளின் மகள் வேம்பு. உனக்குத் தெரிந்திருக்காது. புருஷன் போன பிறகு நடவுக்கும் களைக்கும் போய் ரெங்கம்மாள் வளர்க்கிற ஒரே பிள்ளை. ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. வந்து படுத்த சில நாளில் இருமல் பிடித்தது. பனி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நேற்று முன்தினம் காலையில் வகுப்பில் மூச்சு வாங்க முடியாமல் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சில் இழுப்பு நிற்கவில்லை. “புள்ளை எங்கே படுக்குறா? ஈரம், பூசணம் ஏதும் உண்டா?” என்று டாக்டர் கேட்டார். ரெங்கம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். “எல்லாம் பார்த்தாச்சுன்னு டீச்சர் சொன்னாங்களே” என்றாள்.

திரும்பி வந்ததும் ஐயாவு மாமாவைக் கூப்பிட்டுப் பலகையைப் பெயர்க்கச் சொன்னேன். முதல் பலகை தூக்கியதுமே எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோம். உமி கறுத்து நொதித்துக் கிடந்தது. மேலே பஞ்சு விரித்தது போல வெள்ளை வெளேரென்று பூஞ்சணம். அந்தப் பலகைக்கு மேல்தான் வேம்பு பாய் போட்டிருந்தாள்.

நீ எந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தாய்?

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கடப்பாரையோடு வந்தவரை வெளியே அனுப்பியவள் நான். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நம்மை நம்பி விட்டுப்போன பிள்ளைகளைக் கைவிட்டேன். மற்ற பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கிடங்கைப் பூட்டிவிட்டேன்.

அம்சம்


சீர்காழி
6-2-78

அக்கா,

நான் எந்தப் பலகையையும் தட்டிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ‘பெயர்த்துப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று தெரியும். ஆனால் எழுதினால் நான் பார்க்கவில்லை என்றாகிவிடும். பார்க்காமல் ஏன் சொன்னாய் என்று கேள்வி வரும். ஈரம் இல்லாமலும் இருக்கலாமே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மற்ற ஊர்க் கட்டடங்களைப் பார்க்கப் போனேன். அங்கெல்லாம் தளத்தைப் பெயர்க்காமல் நான் விட்டதில்லை. நம் ஊரில் மட்டும்தான் விட்டேன்.

வேம்புவைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்று தையல் கடையிலேயே படித்தேன். தங்கமணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இன்னும் என்ன யோசனை? போய்ச் சொல்லுங்க” என்றாள். அப்படியே சாரிடம் போனேன். அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், சித்தேரிமங்கலம் கெடங்கு, நான் தளத்தைப் பார்க்கலை. பார்த்தேன்னு பொய் சொன்னேன். ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு” என்றேன்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஏன்டா? வேலையில உன்னை ஒரு குறை சொன்னதில்லையே நான்! ஏன் செஞ்சே?”

“கடப்பாரை எடுத்துட்டு வந்தவரு என்னை அடையாளம் கண்டுக்கிட்டாரு சார். அது எங்க ஊரு. நான் பொறந்த தெரு அதுக்குப் பின்னாடிதான். அந்த டீச்சர் என் கூடப் பொறந்த அக்கா.”

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு, “அக்காவையாடா பேர் கேட்டே?” என்றார். அக்கா, அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன்.

மறுநாள் அவரே ஒன்றியத்துக்கு எழுதினார். தான் கொடுத்த சீட்டு செல்லாது, முழுக்கப் பார்க்காமல் கொடுத்தது தன் தவறு என்று எழுதினார். என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். “கையெழுத்து என்னுது” என்றார். வேலையில் இருக்கச் சொல்லிவிட்டார். கடைசியில், “வீட்டுல அம்மா இருக்காங்க. அவங்க ஒத்துக்க மாட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பார்த்துக்கப்பா” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கமலாம்பாள் தினமும் நம் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். நேற்று தவழ்ந்து போன பிள்ளையைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழந்தை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. தங்கமணி போய்த் தூக்கிவந்தாள்.

ரசியா பேகம் தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை தருகிறார்கள். எந்தத் தெரு என்று தங்கமணியே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். “நான் அதைக் கேட்டேனாம்மா?” என்றார்களாம். “இனிமே யாரு என்ன கேட்டாலும் யோசிக்காம பதில் சொல்லலாம்ல?” என்று தங்கமணி என்னிடம் கேட்டாள். இத்தனை நாள் அவளையும் இப்படி வைத்திருந்தேனே என்று அப்போதுதான் உறைத்தது.

சார் ஒரு வாரம் விடுப்புக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறேன். தளம் முழுவதையும் பெயர்த்து, உமியை எல்லாம் அள்ளி எரித்துவிட்டு, மணல் கொட்டி, செங்கல் பாவித் தருகிறேன். ஆனால் கட்டடம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேறு ஆள் வர வேண்டும். நான் சொன்னால் இனி யாரும் நம்பக்கூடாது.

நீ என்னோடு பேச வேண்டாம். வேலை செய்ய மட்டும் விடு.

இராஜாங்கம்


சித்தேரிமங்கலம்
19-3-78

அன்புத் தம்பி இராஜாங்கத்துக்கு,

நீ வந்து வேலை செய்துவிட்டுப் போனதிலிருந்து எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ இங்கே இருந்தபோது உன்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். தெருவில் சிலர் உன் காது கேட்கவே ஏசினார்கள். நீ தலை நிமிராமல் உமி அள்ளிக்கொண்டிருந்தாய். முதல் நாள் மாலை, யாரும் கூப்பிடாமலேயே அப்பா வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தார். இருட்டும்வரை ரெண்டு பேருமாகத் தூக்கிப் போட்டீர்கள். இப்போது தினமும் அப்பாவுக்கு உன் பேச்சுத்தான்.

தஞ்சாவூரிலிருந்து வேறொரு எஞ்சினியர் வந்தார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், முதலிலிருந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சுவரில் நாலு மூலையிலும் துளை போட்டு உள் மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். செங்கல்லை அங்கங்கே பெயர்க்கச் சொன்னார். மேலே பரண் பலகையின் முதுகைக்கூட விளக்கடித்துப் பார்த்தார். கதவு ஜன்னலைச் சாத்தி வைத்து, மறுநாள் திறந்து தானே உள்ளே போய் நின்றார். அவர் கூடவே நானும் நின்றேன். இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்பவில்லை. தெருச் சனம் எல்லாம் உள்ளே வந்து பார்த்தது. சுண்ணாம்பு வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. பிள்ளைகள் படுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். வேம்பு மட்டும் வரவில்லை.

உடம்பு தேறிவிட்டது. ஆனால் பனிக் காலத்தில் இழுப்பு வரும், ஜாக்கிரதை என்று சொல்லியிருக்கிறார்களாம். போன வாரம் ரெங்கம்மாளை உளுந்து வயலில் பார்த்தேன். வேம்பும் பக்கத்தில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். நான், “கட்டடத்தை நல்லாப் பார்த்தாச்சு ரெங்கம்மா. இப்ப பயமில்லை. புள்ளைய அனுப்பு” என்றேன்.

“அப்பவும் பார்த்தாச்சுன்னுதானே டீச்சர் சொன்னீங்க” என்றாள் ரெங்கம்மாள். குரலில் கோபம் இல்லை. குனிந்து மறுபடி உளுந்து பறிக்கத் தொடங்கிவிட்டாள். வரப்பிலேயே நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி, வேம்புவுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று ரெங்கம்மாளிடம் நாம் இன்னும் சொல்லவில்லை. தளத்தில் ஈரம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஏன் பார்க்காமல் விட்டார்கள் என்பது தெரியாது. ஊரில் யாரும் அவள் காதில் போடவில்லை. நம் வீட்டுக் கௌரவம் என்று எல்லாருமாகச் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்வரை, நாம் கொடுக்கிற எந்தச் சீட்டையும் அவள் நம்ப வேண்டியதில்லை. சொன்ன பிறகும் நம்பாமல் போகலாம். வேம்புவை அனுப்பாமலும் இருக்கலாம். அது அவள் உரிமை. அவள் அனுப்புவாள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

தனியாகப் போக முயன்றேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அத்தனை வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் தங்கமணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா பஸ் நிறுத்தத்துக்கே வருவார். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நாம் ரெண்டு பேரும் ரெங்கம்மாள் வீட்டுக்குப் போவோம். அவள் உட்காரச் சொன்னால் உட்காருவோம், சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல்வோம். நீ முதலில் பேச வேண்டாம். இவன் யாரென்று அவள் கேட்பதற்கு முன்பே, என் தம்பி என்று நான் சொல்லிவிடுகிறேன். மீதியை நீ சொல்.

உன் அக்கா,
அம்சம்